பொறி எழுதும் உரை

நிரல் எழுதியவன் அந்நிரலுக்கு விளக்கம் எழுத வேண்டுவதில்லை என்னும் எண்ணம் மென்பொருள் உலகில் வேரூன்றி வருகின்றது. நிரலைச் செய்யறிவுப் பொறியிடம் கொடுத்தால், கையேடு இமைப்பொழுதில் பக்கம் பக்கமாக வந்து விழுகின்றதாம். "நேரம் மிச்சம்" என்று கைகொட்டுகின்றனர். அம்மிச்சத்திற்கு விலை கொடுப்போர் யார்?

நிரல், நூற்பாவைப் போன்றது. சுருங்கிய சொல், உள்ளே செறிந்த பொருள். அதற்கு எழுதும் ஆவணமே உரை. உரையின் அருமையைப் பொருநைக் கரையினர்க்குப் பிறர் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. நெல்லைச் சங்கர நமச்சிவாயர் நன்னூலுக்கு உரை வரைந்தார். விக்கிரமசிங்கபுரத்துச் சிவஞான முனிவர் அதனைத் திருத்திச் செப்பம் செய்தார். எழுதியவர்க்கும் பெயர் உண்டு. திருத்தியவர்க்கும் பெயர் உண்டு. 'இவ்வாறு கூறியது ஏன்?' என்னும் வினாவுக்கு விடை தருவதே அத்தகைய உரையின் உயிர். சொல்லுக்குச் சொல் பொருள் கூற எவராலும் இயலும்.

பொறியும் அதனையே செய்கின்றது. 'இவ்வரி இவ்வெண்ணை இரண்டால் பெருக்குகின்றது' என எழுதும். ஏன் இரண்டு? மூன்றாயின் எது முறியும்? முன்னர் முயன்ற வழியைக் கைவிட்ட கரணியம் யாது? இவை நிரலில் இல்லை. இயற்றியோன் நெஞ்சில் உள்ளன. எழுதாது விடின், அவன் பணி மாறிச் செல்லும் நாளில் அவனோடே போம்.

இல்லாததை எழுதுவது இதனினும் கேடு. நிரலில் இல்லாத கட்டளையையும், எவரும் ஆக்காத நிரற்பொதியின் பெயரையும் உள்ளன போலவே கூசாமல் எழுதிவிடுகின்றது இப்பொறி. அப்பொய்ப்பெயரிலேயே தீநிரலைப் பதிந்து வைத்து, நம்பி வருவோரை வீழ்த்த இயலும் என ஆய்வாளர் எச்சரித்துள்ளனர். "ஆவணமே இல்லாமைக்கு இது மேலன்றோ?" என்பர் சிலர். அன்று! ஆவணம் இல்லையெனில் கற்போன் நிரலையே படித்தறிய முயல்வான். பொய்யாவணம் இருப்பின் அதனை நம்பிக் கெடுவான். நாங்குநேரியிலிருந்து திருக்குறுங்குடிக்குச் செல்வோனுக்கு வழிகாட்டும் பலகை இல்லையெனில் யாரையேனும் கேட்டுச் செல்வான். அவனை வள்ளியூருக்குத் திருப்பிவிடும் பலகையன்றோ தீது!

மேலைநாட்டினரே விழித்துக்கொண்டனர். 2022 இறுதியில் நிரலாளர் வினா விடைத் தளமான இசுடாக்கு ஓவர்புளோ, பொறி எழுதிய விடைகளைத் தடை செய்தது. 2024இல் செண்டூ லினக்சுக் குழுவினர், பொறி ஆக்கிய எதனையும் தம் திட்டத்தில் ஏற்பதில்லை என முடிவு செய்தனர். ஆங்கிலத்திலேயே இந்நிலை எனின், தமிழில்?

தமிழில் மென்பொருட் கையேடுகள் மிகச் சில. பொறியோ தான் விழுங்கியதைக் கொண்டே எழுதுவது. ஆங்கிலத்தைக் கடலாக விழுங்கிற்று. தமிழை அகங்கை நீரளவே பருகிற்று. ஆகவே ஒரே பக்கத்தில் 'வழங்கி' என்றும் 'சேவையகம்' என்றும் 'சர்வர்' என்றும் ஒரு பொருளுக்கு முப்பெயர் இட்டு மயக்கும். நிரலின் வழுவைப் 'பூச்சி' என்று பெயர்த்தாலும் வியப்பில்லை. நாங்குநேரி வட்டத்தில் தமிழ்வழி பயிலும் மாணாக்கன், மூன்றும் மூன்று பொருளென எண்ணித் திகைப்பான். பழி பொறியின்மேல் விழாது, தமிழின்மேல் விழும். 'தமிழில் கணிப்பொறி கற்க இயலாது' என்று சொல்வதற்கே காத்திருப்போர் உளரன்றோ?

இயலாதா? 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், யாழ்ப்பாணத்தில் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அயலார்க்கு இயன்றது! தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் 2011இல் கால்கொண்டது; நகரத்தை நாடாமலே உலகோர்க்கு மென்பொருள் ஆக்கலாம் என்பது அங்கே மெய்யாயிற்று. நிரல் எழுத வல்ல கை, அந்நிரலுக்குத் தமிழில் நான்கு பக்கம் உரை எழுத மாட்டாதா?

எழுத்துப்பிழை பார்க்கவும், பட்டியல் அடுக்கவும் பொறியை வைத்துக்கொள்க, எவரும் தடுக்கவில்லை. கலைச்சொற்களை முதற்கண் வரையறுத்து, ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே ஆள்க. 'ஏன்' என்பதை இயற்றியோனே எழுதுக. பொறி தொட்ட பக்கமாயின், அதனை வரிவரியாக நிரலோடு ஒப்பிட்டுச் செப்பம் செய்தவர் பெயர் அதன் தலைப்பில் நிற்க வேண்டும். பெயரிட அஞ்சுவோர் அவ்வாவணத்தை வெளியிடாதிருக்க.