குரல் எங்கிருந்து வர வேண்டும்?

இடப்பக்கம் நின்று ஒருவர் கூப்பிட்டால், அவர் குரல் வலக் காதைவிட இடக் காதுக்குச் சற்று முந்தி வந்துசேரும். அந்த வித்தியாசம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதைக்கொண்டே மூளை திசையைக் கண்டுபிடித்துவிடுகிறது. தலை மறைப்பதால் மறுகாதில் ஒலி குறைவதும் இதற்கு உதவுகிறது; இவ்விரண்டும் சேர்ந்தே திசையைக் காட்டுகின்றன என்பதை 1907-இல் இயற்பியலாளர் ரேலே பிரபு விளக்கினார். மேலா கீழா என்பதைக் காதுமடலின் மடிப்புகளும், தொலைவைச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் உணர்த்துகின்றன.

நம்மோடு பேசும் கருவிகள் பெரும்பாலும் இந்தக் குறிப்புகளைப் பயன்படுத்துவதில்லை. 2014-இல் வந்த அமேசான் எக்கோ, ஏழு மைக்குகளை வைத்து நாம் எந்தப் பக்கமிருந்து பேசுகிறோம் என்று அறிந்துகொண்டது. அதன் பதில் மட்டும் எப்போதும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்தே வந்தது. ஹெட்போனிலோ குரல் மண்டைக்குள்ளேயே ஒலிக்கிறது. அறையின் எதிரொலியைச் சேர்த்து, தலை திரும்பினாலும் ஒலி இடம் மாறாமல் பார்த்துக்கொண்டால், அதே குரல் வெளியே ஓரிடத்தில் நிற்பதாகத் தோன்றும்.

இதன் உண்மையான பயனை மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட சவுண்ட்ஸ்கேப் செயலி காட்டியது. பார்வையற்றவர் தெருவில் நடக்கும்போது, கடை வலப்பக்கம் இருந்தால் அதன் பெயர் வலப்பக்கமிருந்தே கேட்கும். போக வேண்டிய இடத்திலிருந்து ஒரு தாளம் ஒலித்துக்கொண்டிருக்கும். அதை நேராக நோக்கினால் ஒலி மாறும். ‘இங்கே திரும்பு, அங்கே திரும்பு’ என்ற அதட்டல் கிடையாது. வழியைத் தேர்வது நடப்பவரின் உரிமையாகவே இருந்தது. இந்த மரியாதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதே 2018-இல் கூகுள் வேறு பாதையில் போனது. சலூனுக்குப் போன் செய்து நேரம் குறிக்கும் அதன் டூப்ளெக்ஸ் மென்பொருள், மனிதரைப் போல ‘ம்’ கொட்டியது, இழுத்துப் பேசியது. கண்டனம் எழுந்த பிறகே, தான் ஒரு தானியங்கி என்பதை அது முதலிலேயே தெரிவிக்கும் என்று நிறுவனம் உறுதியளித்தது. இல்லாத உடலை இருப்பதாக நம்பவைப்பதை நான் ஏற்கவில்லை. கடை இருக்கும் பக்கத்திலிருந்து அதன் பெயரை ஒலிக்கச் செய்வதில் அப்படி எந்தப் பொய்யும் இல்லை.

ஆனால் இதிலும் ஆபத்து உண்டு. கைபேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். காது சொல்லும் திசையை நாம் யோசிக்காமல் நம்புவோம் என்பதால், தவறான இடத்திலிருந்து தெளிவாக ஒலிக்கும் குரல் ஆளைச் சாலை நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். இடம் உறுதியில்லாதபோது அதைக் குரலே சொல்லிவிட வேண்டும். வண்டிச் சத்தம் கேட்கும்படி காதும் திறந்திருக்க வேண்டும்.

சவுண்ட்ஸ்கேப்பை மைக்ரோசாஃப்ட் 2023-இல் நிறுத்திவிட்டு, அதன் நிரலைப் பொதுவில் வைத்தது. நம் கல்லூரிகளின் கணினித் துறைகள் அதை எடுத்து, பார்வையற்றவர்களையும் உடன் வைத்துக்கொண்டு, நம் தெருக்களுக்கேற்ப வளர்க்க முன்வர வேண்டும்.