அடைப்புக்குறிக்குள் ஐதராபாத்

பிளாஸ்டிக் விமான மாதிரிகளைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கும் ஆய்வுலகம், அவற்றின் பெட்டிக்குள் வரும் ஒட்டுப்படத் தாளை ஒருமுறையேனும் வாசிக்க வேண்டும். போருக்குப் பணம் கொடுத்தவர் யார் என்ற வினாவுக்கு அத்தாள்களில் இருவேறு இலக்கணங்கள் உண்டு.

சோவியத் போர் விமானமான யாக்-1பி மாதிரிகள் சிலவற்றில், உடற்பகுதியில் ஒட்டுவதற்கென நீண்ட ரஷ்ய வாசகம் ஒன்று வருகிறது. சராத்தோவ் பகுதிக் கூட்டுப்பண்ணை உழவர் ஃபெரபோன்ட் கொலவாத்தி, தேன் விற்றுச் சேர்த்த ஒரு லட்சம் ரூபிளை 1942 டிசம்பரில் கொடுத்து வாங்கிய விமானம் அது. ஓட்டியவர் போரிஸ் யெரியோமின். இன்னாருக்கு, இன்னாரிடமிருந்து என இருவர் பெயரும் வேற்றுமை உருபுகளோடு அதில் நிற்கின்றன.

ஸ்பிட்ஃபயர் மாதிரிகளில் நிலைமை வேறு. பாயும் கருஞ்சிறுத்தைப் படத்துடன் பர்மாப் போர்முனையில் பறந்த பிரிட்டிஷ் அணியின் பெயர் 152 (ஐதராபாத்) ஸ்குவாட்ரன். நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் போர் நன்கொடைக்குக் கைம்மாறாக அமைந்த பெயர் அது. அணியின் சின்னமும் நிஜாமின் தலைப்பாகையே. இங்கே ‘ஐதராபாத்’ என்பது உருபு மறைந்த தொகை. ஐதராபாத்தினதா, ஐதராபாத்தாலா, ஐதராபாத்துக்காகவா? விரித்துப் பார்க்க எவரும் முன்வருவதில்லை. மரபுப் பெருமிதம் பேசுவோர் அதை நிஜாமின் வள்ளன்மை என்றே வாசித்து முடிக்கின்றனர்.

நிஜாம் கொடுத்தது சொந்தப் பணம் என்பர். அவருடைய சொந்த நிலங்களான சர்ஃப்-எ-காஸ் ஊர்களின் வருவாயும் உழுதவர் செலுத்தியதே. சோழர் கல்வெட்டுகளில் கூலியற்ற கட்டாய உழைப்பைக் குறித்த ‘வெட்டி’ என்னும் சொல், அவரது ஆட்சியில் தெலங்கானா ஊர்களில் வெட்டி சாகிரியாக உயிரோடு இருந்தது. போர்க்காலக் கட்டாயத் தானிய லெவியும் சிறு உழவர்மீதே விழுந்தது. 1946இல் கடவெண்டியில் தொட்டி கொமரய்யா சுட்டுக் கொல்லப்பட்டபோது வெடித்த கிளர்ச்சிக்கு இவையெல்லாம் பின்புலம்.

கொலவாத்தியின் வாசகமும் பரப்புரைதானே என்ற மறுப்பு நியாயமானது. கூட்டுப்பண்ணைகள் வன்முறையால் உருவானவை. அவரது கொடையை அரசு தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டது. ஆயினும் பெயர் எழுதப்பட்ட கூற்றைச் சோதிக்கலாம்: அவர் யார், பணம் எங்கிருந்து வந்தது, விரும்பிக் கொடுத்தாரா என்று கேட்கலாம். அடைப்புக்குறிக்குள் மறைந்தவரிடம் கேட்க வழியே இல்லை.

ஆகவே குறை மாதிரி செய்யும் நிறுவனங்களுடையது அன்று. அவை கிடைத்த பெயரை அச்சிடுகின்றன. குறை, நிஜாமின் நன்கொடைப் பட்டியலை ஒரு கட்டுரையிலும் லெவிக் கணக்கை வேறொரு கட்டுரையிலும் வைத்து, இரண்டையும் சந்திக்கவிடாத ஆய்வு மரபினுடையது. தொகையை விரிப்பது இலக்கண மாணவரின் முதற்பாடம். ‘ஐதராபாத் உழவரின் பணத்தால் பறந்த ஸ்குவாட்ரன்’ என்று விரித்தெழுத வரலாற்றுத் துறைகளுக்கு இன்னும் என்ன தயக்கம்?