கப்பி மீனிலும் கலவன் உண்டு

கொல்லையில் இரண்டு சிமெண்ட் தொட்டி இருந்தால் போதும், வண்ணமீன் வளர்த்து மாதந்தோறும் காசு பார்க்கலாம் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. கப்பி மீனைப் பெருக்குவது எளிது. விலை போகிற கப்பியைப் பெருக்குவதில்தான் வேலை இருக்கிறது.

கப்பி முட்டையிடாது, குட்டி போடும். தண்ணீர் 24 முதல் 28 டிகிரி வெப்பத்தில் இருந்தால் ஏறத்தாழ 4 வாரத்துக்கு ஒரு முறை ஈனும். சற்றுக் கடினமான போர் தண்ணீரையும் தாங்கும். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போனபின் மீனை விடுங்கள். தாயே குஞ்சைத் தின்றுவிடும் என்பதால் தொட்டியில் வேலம்பாசி போடுங்கள். தட்டானின் புழுவும் குஞ்சைப் பிடிக்கும். மேலே வலை கட்டுவது நல்லது. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துளி அளவே கரைத்து விடுங்கள். மிஞ்சினால் தண்ணீர் கெட்டுவிடும்.

விதைப்பண்ணை வைத்திருப்போருக்குக் கலவன் அகற்றுவது தெரியும். பூப்பதற்கு முன்பே வேறு ரகச் செடியைப் பிடுங்காவிட்டால் விதை கெட்டது. கப்பியில் இது இன்னும் கறார். பெண் மீன் ஒருமுறை கூடினால் அந்த விந்தைப் பல மாதம் உடலில் சேமித்து வைத்து அடுத்தடுத்துக் குட்டி போடும். நிறம் மங்கிய ஓர் ஆண் சில நாள் தொட்டியில் இருந்தாலே போதும், அடுத்த பல ஈற்றும் கலப்படம்தான். கடையில் வாங்கும் வளர்ந்த பெண் மீனும் பெரும்பாலும் ஏற்கெனவே கூடியதாகவே இருக்கும். நீங்கள் எவ்வளவு அழகான ஆணை வாங்கி விட்டாலும் முதல் குட்டிகள் அதனுடையவை அல்ல.

ஆகவே குஞ்சுகளை 3 அல்லது 4 வாரத்திலேயே ஆண், பெண் என்று பிரியுங்கள். பெண்ணின் அடிவயிற்றில் கரும்புள்ளி தெரியும். ஆணின் அடித்துடுப்பு குச்சி போல நீளத் தொடங்கும். மூன்று மாதம் ஆனபின் வால் விரிந்த, நிறம் தெளிந்த ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் என்று சேர்த்தால் போதும்.

கழித்த மீனை என்ன செய்வது? கிணற்றிலும் ஏரியிலும் கொட்டாதீர்கள். கொசுவுக்காகச் சுகாதாரத் துறையே கப்பி விடுகிறதே என்பீர்கள். சாக்கடைக்கும் தேங்கிய தொட்டிக்கும் அது சரி. நாட்டு மீன் வாழும் ஏரிக்குச் சரியல்ல. தென் அமெரிக்காவின் வடபகுதி மீன் இது, எங்கு விட்டாலும் பிழைக்கும். கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி வளர்த்த சக்கர் மீன் இன்று நம் ஏரிகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது. கழித்ததைச் சாதாரண ரகமாகக் குறைந்த விலைக்குக் கடையில் கொடுங்கள், அல்லது விரால் வளர்ப்பவரிடம் தீவனமாகக் கொடுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சியில் தொட்டி மானியம் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை எடுத்து, ஒரு கைவலையும் உருப்பெருக்கியும் கொடுத்துக் குஞ்சு பிரிக்கக் கற்றுக்கொடுங்கள்.