"பனை ஏறத்தான் போவே!" - இது ஒரு திட்டா?



"ஒழுங்காப் படிக்கலைன்னா பனை ஏறத்தான் போவே!"

நம் தூத்துக்குடிப் பக்கம் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் பள்ளிப் படிப்பை முடித்தவர் யாராவது உண்டா? வீட்டில் சொல்வார்கள், தெருவில் சொல்வார்கள், சில நேரம் வகுப்பிலும் சொல்வார்கள். வேறு ஊர்களில் "மாடு மேய்க்கப் போ" என்பார்கள். நமக்குப் பனை. இப்படிச் சொல்வது தவறு என்பது என் கருத்து. இதை எனக்குப் புரியவைத்தது புத்தகம் இல்லை. பங்குனி, சித்திரை வந்தால் பஸ் ஸ்டாப் வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்திப் பதனி விற்கும் ஓர் அண்ணாச்சிதான்.

முதலில் அவருடைய வேலையைப் பார்ப்போம். அவர் சீவுவது முப்பது மரம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நாளைக்கு அறுபது தடவை ஏறி இறங்க வேண்டும். பாளையின் நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவினால்தான் பதனி ஊறும். விட்டுவிட்டால் பாளை காய்ந்துவிடும். "லீவே கிடையாதா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "மரத்துக்கு ஏது தம்பி ஞாயித்துக்கிழமை?" என்றார். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் புத்தகத்தைத் திறக்கும் நமக்கு இது நல்ல பதில்தானே!

அடுத்தது சுண்ணாம்பு. நொதித்தலை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும் என்று எழுதி மார்க்கும் வாங்குகிறோம். பனையில் ஊறுவதை அப்படியே விட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். அதைத் தடுக்கத்தான் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை ஈஸ்டை வேலை செய்ய விடாது. சுண்ணாம்பு கூடினால் நாக்கு பொத்துப்போகும், குறைந்தால் புளித்துப்போகும். அந்த அளவை அண்ணாச்சி தராசில் நிறுப்பதில்லை, விரலால் வழித்துத் தடவுகிறார். அவருக்கு அது கைப்பழக்கம். நாம் அதற்கு வேதியியல் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

விற்காமல் மிச்சமானால்? தண்ணீர் கலந்து மறுநாள் விற்க மாட்டார். வீட்டில் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கிவிடுவார்கள். குடித்துப் போட்ட ஓலைப் பட்டையை ஆடு தின்றுவிடும். குப்பை என்று ஒன்றுமே மிஞ்சாது.

இத்தனையும் தெரிந்தவரைப் பார்த்துத்தான் "படிக்காதவன்" என்கிறோம். "அண்ணாச்சி, உங்க வேலையைச் சொல்லித்தான் எங்களை மிரட்டுதாங்க, உங்களுக்குக் கோபம் வராதா?" என்று ஒருநாள் கேட்டேன். பட்டையை மடக்கிக்கொண்டே சிரித்தார். பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"நல்லாப் படிங்க தம்பி, வேண்டாம்னு சொல்லல. எம் மவனையும் படிக்கத்தான் அனுப்புதேன். ஆனா பனை ஏறணுமேன்னு பயந்து படிக்காதீங்க. பயந்து ஏறுதவன்தான் கீழ விழுவான்."

யோசித்துப் பாருங்கள். அறுபது அடி உயரத்தில் நிற்பவருக்குத் தெரிந்த உண்மை இது. பயந்தால் கால் நடுங்கும், பிடி நழுவும். படிப்பும் அப்படித்தான். மிரட்டலுக்குப் பயந்து மனப்பாடம் செய்தவை பரீட்சை ஹாலில் மறந்துபோகின்றன. பிடித்துப் படித்தவை மறப்பதில்லை.

"அப்போ எல்லோரும் பனை ஏறலாம் என்கிறாயா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. அது ஆபத்தான வேலை. விழுந்து இடுப்பொடிந்தவர்கள், உயிரை விட்டவர்கள் உண்டு. வருமானமும் சீசனுக்கு மட்டும்தான். அந்தக் கஷ்டத்தைச் சொல்லட்டும், கேட்கிறோம். ஆனால் கஷ்டமான வேலை வேறு, கேவலமான வேலை வேறு. இரண்டையும் ஒன்றாக்குவதுதான் தவறு.

பனை நம் மாநில மரம். 2021-ஆம் ஆண்டு வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் கொடுப்பதாக அரசு அறிவித்தது. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தது. சந்தோஷம்! ஆனால் மரம் மட்டும் இருந்தால் போதுமா? ஏறுவதற்கு ஆள் வேண்டாமா? ஏறுவதையே திட்டாகச் சொல்லும் ஊரில் நாளைக்கு யார் ஏறுவார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. நம் வகுப்புகளிலேயே பனையேறி வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வாக்கியம் காதில் விழும்போது அவர்கள் சிரிப்பதில்லை, தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அவர்கள் சாப்பிடும் சோறும், கட்டும் பீஸும் அந்த மரத்திலிருந்து வந்தவை அல்லவா?

எனவே என் வேண்டுகோள் இரண்டு. நண்பர்களே, விளையாட்டுக்குக்கூட அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். ஆசிரியர்களே, நொதித்தல் பாடம் நடத்தும் அன்று அந்த அண்ணாச்சியை ஒரு பீரியட் வகுப்புக்கு அழையுங்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தோடு அவர் வந்து நிற்கட்டும். நாங்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறோம்.

- பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்