சிதறலும் பிரிகையும்

ஆங்கில வினைச்சொற்களுக்கு ஒற்றைப் பொருள் எழுதி மனப்பாடம் செய்யும் வழக்கம் மாணவரிடையே இன்னும் ஒழியவில்லை. 'ஸ்கேட்டர்', 'டிஸ்பர்ஸ்', 'ஷேட்டர்', 'கிரம்பிள்' ஆகிய நான்கிற்கும் 'சிதறு' என்றே எழுதி முடித்துவிடுகிறோம். இது மொழிக்கு மட்டுமன்று, அறிவியலுக்கும் கேடு என்பது என் கருத்து.

வானம் நீலமாகத் தோன்றக் காரணம் 'ஸ்கேட்டரிங்'. காற்றின் மூலக்கூறுகளில் பட்ட ஒளி நாற்புறமும் சிதறுகிறது. முப்பட்டகத்தில் வெள்ளொளி ஏழு நிறமாவது 'டிஸ்பர்ஷன்'. அங்கே நிறங்கள் வரிசை குலையாமல் பிரிகின்றன. 1672-இல் நியூட்டன் ஆராய்ந்து வெளியிட்டது பிரிகை, 1928-இல் சி. வி. இராமன் புதுமை கண்டது சிதறலில். தேர்வில் சொல்லை மாற்றி எழுதினால் விடையே தவறாகும்.

கண்ணாடி 'ஷேட்டர்' ஆகும். ஒரே அடியில் நொறுங்கிவிடும். பழஞ்சுவர் 'கிரம்பிள்' ஆகும். நாள்பட நாள்பட உதிரும். போலீசார் கூட்டத்தை 'டிஸ்பர்ஸ்' செய்தால் கூட்டம் கலையும், எதுவும் உடைவதில்லை.

எண்ணிப் பாருங்கள்! சிதறு, பிரி, நொறுங்கு, உதிர், கலை என்று எத்தனை சொற்கள் நம்மிடம்! களத்தில் நெல் சிதறியது என்போமே தவிர, நொறுங்கியது என்று எவரும் சொல்வதில்லை. எழுத்தறியாத தாய்மார் நாவிலும் இந்த நுட்பம் உண்டு. அவ்வாறிருக்க, தமிழில் பயின்று வந்தவர்க்கு ஆங்கிலச் சொல் நுட்பம் எட்டாது என்பது வீண் அச்சமே.

ஆகவே, வினைச்சொல்லைத் தனியே படியாமல், எது, எவ்வாறு, எதனால் என்பவற்றோடு சேர்த்துப் படிப்போம். ஆசிரியப் பெருமக்களும் அவ்வாறே கற்பிக்க வேண்டுகிறேன். தமிழை விலக்கியன்று, தமிழை ஊன்றியே ஆங்கிலத்தை வெல்ல முடியும்.