சான்றிதழுக்கு ஒரு ஃபீட்பேக்: யாருடைய கருத்தைக் கேட்கிறோம்?

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியின் ஆசிரியர்களுக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கும் 'அன்கான்சியஸ் பயஸ்', அதாவது தன்னை அறியாத மனச்சாய்வு பற்றி ஆன்லைன் பயிற்சி நடத்தினோம். இரண்டு மணி நேரம். முடிவில் வழக்கம்போல ஒரு கூகுள் ஃபார்ம். அதை நிரப்பினால்தான் இ-சான்றிதழ் வரும். எல்லோரும் நிரப்பினார்கள்.

சராசரி மதிப்பெண் ஐந்துக்கு நாலரையைத் தாண்டியது. எங்களுக்கும் மகிழ்ச்சிதான், மறைக்க ஒன்றுமில்லை. பதில்கள் அடங்கிய தாளை அப்படியே ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிவிட்டோம். நாக் கோப்பில் சேர்ப்பதாகச் சொன்னார். அதன் பிறகுதான் ஒவ்வொரு வரியாகப் படித்தோம்.

"மிகவும் பயனுள்ள நிகழ்ச்சி." "நேரத்தைக் குறைத்திருக்கலாம்." "என்னிடம் எந்தப் பாகுபாடும் இல்லை என்பது உறுதியானது, நன்றி." "இந்தக் காலத்தில் யார் சார் சாதி பார்க்கிறார்கள்? இடஒதுக்கீட்டில்தான் பார்க்கிறார்கள்." இவற்றுக்கு நடுவே ஒரு வரி: "நீங்கள் உதாரணமாகச் சொன்னது எங்கள் துறையில் தினமும் நடக்கிறது. யாரிடம் சொல்வது?"

இதை எழுதியவரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

ஃபார்மில் பெயர், துறை, மின்னஞ்சல் மூன்றும் கட்டாயம். சான்றிதழ் அனுப்ப வேண்டுமே என்று நாங்களே வைத்த விதி அது. ஆக, யாரைப் பற்றி அவர் சொல்ல அஞ்சினாரோ, அவர்களே பார்க்கக்கூடிய ஒரு தாளில் அவருடைய பெயரையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். பதறிப்போய் ஒருங்கிணைப்பாளரை அழைத்து, பெயர்களை நீக்கி வேறு தாள் அனுப்புவதாகச் சொன்னோம். "பரவாயில்லைங்க, மார்க்கை மட்டும்தான் எடுத்துக்கிட்டோம். மத்ததை யாரும் படிக்கலை" என்றார். அந்தப் பதில் எங்களுக்கு ஆறுதலாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

தோழர்களே, இது ஒரு கல்லூரியின் கதை மட்டுமல்ல. இப்போது நிறுவனங்கள் எல்லாம் இப்படிப்பட்ட பயிற்சிகளை நடத்துகின்றன. பயிற்சி வெற்றி என்பதற்கு அவை காட்டும் ஆதாரம் இந்த ஃபீட்பேக்தான். ஆனால் அது எதை அளக்கிறது? பயிற்சிகளை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959ல் நான்கு படிகளை வகுத்தார். பங்கேற்றவருக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டாரா, அவர் நடத்தை மாறியதா, நிறுவனத்தில் விளைவு தெரிகிறதா? நட்சத்திரங்கள் சொல்வது முதல் படியை மட்டும்தான். நாம் அந்த முதல் படியில் நின்றுகொண்டே மாடி ஏறிவிட்டதாக அறிக்கை எழுதுகிறோம்.

2019ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் 3,000க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் ஒரு மணி நேர ஆன்லைன் பயிற்சியைச் சோதித்துப் பார்த்தது. மனப்பான்மையில் ஓரளவு மாற்றம் தெரிந்தது. நடத்தையில் பெரிய மாற்றம் இல்லை. பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையமும் 2018ல் ஏறக்குறைய இதையே சொன்னது: விழிப்புணர்வு வருகிறது, நடத்தை மாறுவதற்கான சான்று குறைவு.

"அப்படியானால் பயிற்சியே வேண்டாம்" என்று சிலர் உடனே கிளம்புவார்கள். பிரிட்டன் அரசு 2020 டிசம்பரில் தன் ஊழியர்களுக்கான இந்தப் பயிற்சியைக் கைவிடுவதாக அறிவிக்கவும் செய்தது. நாங்கள் அதைக் கேட்கவில்லை. பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்கிறோம்.

அந்தச் சொல்லையே கொஞ்சம் பார்ப்போம். மறைந்திருக்கும் சாய்வை அளக்கும் கணினிச் சோதனையை அமெரிக்க உளவியலாளர்கள் 1998ல் வெளியிட்டார்கள். இனவெறியை வெளியே சொல்லக் கூசும் ஒரு சமூகத்தில் அதற்கு ஒரு தேவை இருந்தது. நம் ஊரில் நடப்பதோ வேறு. "எந்த ஊரு?" என்று கேட்டு, ஊர் தெரிந்ததும் "ஊருல எந்தப் பக்கம்?" என்று கேட்பவருக்குத் தான் என்ன கேட்கிறோம் என்று நன்றாகவே தெரியும். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் "வெஜிடேரியன் மட்டும்" என்பவருக்கும் தெரியும். 2023ல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியதில் எந்த ஆழ்மனம் இருந்தது? தெரிந்தே செய்வதற்குத் 'தன்னை அறியாத' என்று பெயர் வைத்தால், செய்பவர் குற்றவாளி ஆவதில்லை, மாணவர் ஆகிவிடுகிறார். இரண்டு மணி நேரத்தில் சான்றிதழும் வாங்கிவிடுகிறார்.

அண்ணல் அம்பேத்கரும் சாதியை ஒரு மனநிலை என்றுதானே சொன்னார் என்று கேட்கலாம். சொன்னார். ஆனால் 1936ல் அதைச் சொன்னவர் ஆளுக்கு ஆள் மனதைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி முடித்துவிடவில்லை. அந்த மனநிலைக்குப் புனிதம் தரும் சாத்திரங்களின் அதிகாரத்தையே உடைக்கச் சொன்னார். அதிகாரத்தைத் தொடாத பயிற்சி அவர் வழியில் வந்ததல்ல.

பொறுப்பை யார் தலையிலாவது வைத்தால்தான் மாற்றம் வருகிறது. அமெரிக்காவில் 708 நிறுவனங்களின் பல்லாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2006ல் சமூகவியலாளர்கள் கண்டதும் அதுதான்: பயிற்சிகளால் பலன் மிகக் குறைவு, பொறுப்பான குழுவும் அதிகாரியும் இருந்த இடங்களில்தான் பலன் தெரிந்தது. நம் நாட்டில் 2012லேயே யுஜிசி விதிகள் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் வேண்டும் என்றன. அவை காகிதத்திலேயே கிடந்ததால்தான் ரோகித் வெமுலாவின் தாயும் பாயல் தத்வியின் தாயும் 2019ல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

எங்கள் தவறிலிருந்து கற்றதைச் சொல்கிறோம். இனி எங்கள் ஃபார்மில் பெயர் கேட்பதில்லை. சான்றிதழுக்கும் கருத்துக்கும் முடிச்சுப் போடுவதில்லை. பயிற்சி பெற்றவரிடம் மட்டும் கேட்காமல், அவருக்குக் கீழே படிப்பவர், வேலை செய்பவர், விடுதியில் சமைப்பவர், துப்புரவு செய்பவர் ஆகியோரிடமும் ஆறு மாதம் கழித்துக் கேட்கிறோம்: "ஏதாவது மாறியிருக்கிறதா?" புகார் யாரிடம் கொடுப்பது என்பதை முதல் ஸ்லைடிலேயே போடச் சொல்கிறோம். சொல்ல ஆள் இல்லாத நிறுவனத்தில் பயிற்சி நடத்த மறுக்கிறோம்.

உங்கள் கல்லூரியிலும் இப்படியொரு ஃபார்ம் வரும். நட்சத்திரத்தைத் தட்டிவிட்டுச் சான்றிதழோடு போய்விடாதீர்கள். பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் யார், இதுவரை எத்தனை புகார் வந்தது, என்ன நடவடிக்கை என்று அதிலேயே கேளுங்கள். தனியாகக் கேட்டால் பெயர் குறிக்கப்படும். ஐம்பது பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

"யாரிடம் சொல்வது?" என்று எழுதியவருக்கு நாங்கள் மின்னஞ்சல் அனுப்பினோம். இன்றுவரை பதில் இல்லை. அவர் ஏன் பதில் எழுத வேண்டும்? ஒருமுறை நம்பி எழுதியதை நாங்கள் என்ன செய்தோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம்.