கியர் மாற்றும் ஆசை

காவேரிப்பட்டினத்திலிருந்து சேலம் செல்லும் மோட்டார்கள் தொப்பூர்க் கணவாயில் இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்துக்கு அஞ்சியே அன்பர் சிலர், தானாகக் கியர் மாறும் தங்கள் பழைய வண்டியைக் கையால் மாற்றும் வண்டியாக்க விரும்புகின்றனர். கியர்ப் பெட்டியை மாற்றினால் போதுமென்பது அவர்கள் எண்ணம். போதாதே! எண்ணெயின் சுழற்சியால் விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைக் கழற்றி, கனத்த பிளைவீல், கிளச்சுத் தட்டு, மூன்றாவது மிதி எல்லாம் அமைக்கவேண்டும். அதே ரகத்து வண்டியின் சாமான்கள் அகப்பட்டாலன்றி இவை பொருந்துவது அரிது. மனம்போனபடி திருத்த 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் இடந்தராது. பதிவு அதிகாரியைக் கலக்காமல் ஸ்பானரைத் தொடலாகாது.

இத்தனைக்கும், அவ்வண்டிகள் பலவற்றில் 'எல்' என்று ஓர் இடம் உண்டு. இறக்கம் தொடங்குமுன் வேகத்தைத் தணித்து லீவரை அங்கே தள்ளினால், எஞ்சினே ஓட்டத்தை அடக்கும். பிரேக்குக்கு வேலை குறையும். அவ்விடத்தைத் தொட்டே பாராத சொந்தக்காரர்களைக் கண்டிருக்கிறோம்.